ரெயின்போ கேதரிங்குக்கு குழந்தையோட போகலாமா?

போர்ட்லேண்ட்ல இருந்து ஒரு தம்பி கேட்டிருக்கார். "அக்கா, ஆபீஸ்ல கூட வேலை பாக்குற அமெரிக்க நண்பர் ஒருத்தர் வருஷா வருஷம் ஜூலைல ரெயின்போ கேதரிங்னு எங்கயோ காட்டுக்குள்ள போவாராம், இந்த வருஷம் எங்களையும் கூப்பிடுறார். நான் எச்1பி வேலை விசால இருக்கேன், கூட மனைவி, ஆறு வயசு பொண்ணு, மூணு பேருமே சைவம். டிக்கெட் கிடையாது, சாப்பாட்டுக்கும் காசு வேண்டாம்னு சொல்றார், அதைக் கேட்டதுமே எனக்கு கொஞ்சம் பயமா இருக்கு. போகலாமா? போனா என்னென்ன எடுத்துட்டு போகணும்?"

போகலாம் தம்பி, நான் நர்ஸ், அஞ்சு கேதரிங்ல அங்க இருக்குற கால்ம் கூடாரத்துல வேலை பாத்திருக்கேன், கால்ம்னா அவங்க ஆஸ்பத்திரி மாதிரி, டாக்டர், நர்ஸ், மூலிகை தெரிஞ்சவங்கன்னு யார் யாரோ சம்பளம் இல்லாம உக்காந்திருப்பாங்க. அங்க உக்காந்து பாத்ததை வச்சுத்தான் சொல்றேன், குழந்தையோட வந்து சந்தோஷமா திரும்பிப் போன குடும்பங்களும் நிறைய, மூணாவது நாளே வயித்தைப் பிடிச்சுக்கிட்டு கார் நிக்கிற இடத்துக்கு நடக்கத் தெம்பில்லாம உக்காந்த குடும்பங்களும் உண்டு. ரெண்டுக்கும் நடுவுல இருந்த வித்தியாசம் பெரும்பாலும் தண்ணியும் கையும்தான், அதுக்கு அப்புறம் வரேன்.

முதல்ல இது என்னன்னு புரிஞ்சுக்கங்க, அப்பத்தான் காசில்லாம எப்படி நடக்குதுங்குற பயம் போகும். 1972 ஜூலைல, வியட்நாம் போர் நடந்துட்டிருந்த நேரம், கொலராடோல கிரான்பி ஊர் பக்கம் மலைக்கு மேல சமாதானத்துக்காக பிரார்த்தனை பண்ணணும்னு இளைஞர்கள் கூடினாங்க, போலீஸ் ரோட்டை மறிச்சும் ஆயிரக்கணக்குல ஏறிப் போனாங்க. ஒரே ஒரு தடவைன்னு ஆரம்பிச்சது, இன்னிக்கு வரைக்கும் நடக்குது, ஒவ்வொரு வருஷமும் வேற வேற மாநிலத்துல ஒரு தேசிய வனம், ஜூலை 1 முதல் 7 வரைக்கும். தலைவர் கிடையாது, சங்கம் கிடையாது, உறுப்பினர் அட்டை கிடையாது. 2022-ல அம்பதாவது வருஷம்னு திரும்ப கொலராடோவுக்கே போனாங்க, ரூட் தேசிய வனத்துக்கு.

சாயங்காலம் பெரிய புல்வெளில எல்லாரும் கை கோத்து வட்டமா நின்னு ஓம் சொல்லிட்டு உக்காருவாங்க, ஒவ்வொரு சமையல் கொட்டகைல இருந்தும் வாளி வாளியா சோறும் பீன்ஸும் பருப்பும் தூக்கிட்டு வந்து பந்தி மாதிரி பரிமாறிட்டே போவாங்க. சாப்பிட்டு முடியுற நேரம் மேஜிக் ஹேட்னு ஒரு தொப்பி பாட்டோட சுத்தி வரும், நம்ம கோயில் உண்டியல்னு வச்சுக்கங்க, போடுறவங்க போடலாம், அந்தக் காசுலதான் மறுநாள் அரிசி மூட்டை வாங்குவாங்க. மத்தபடி உள்ள வியாபாரத்துக்கு இடமில்லை, பண்டமாத்து மட்டும்தான். அதனால காசு வேண்டாம்னு உங்க நண்பர் சொன்னது உண்மை, ஆனா வேலை வேண்டாம்னு அவர் சொல்லலை பாருங்க. விறகு, தண்ணி, பாத்திரம் கழுவுறது, குழி வெட்டுறது எல்லாமே வந்தவங்க கைதான், யாரும் கூப்பிட்டுச் சொல்ல மாட்டாங்க, நீங்களா போய் நின்னு "என்ன செய்யட்டும்"னு கேக்கணும். கேக்காம சாப்பிட்டு மட்டும் போறவங்களுக்கு அங்க தனிப் பேரே வச்சிருக்காங்க.

சைவத்துக்கு நீங்க கவலையே பட வேண்டாம், பெரும்பாலான கிச்சன்ல சைவம்தான், நிறைய இடத்துல பால் கூட இல்லாத சாப்பாடு. கையில கொண்டு போறதா இருந்தா ஒரு அஞ்சு கிலோ பச்சரிசி, மூணு கிலோ பாசிப்பருப்பு, மிளகு, சீரகம், இஞ்சி, பெருங்காயம். துவரம்பருப்பு வேண்டாம், 9,000 அடி உயரத்துல தண்ணி 90 டிகிரி சொச்சத்துலயே கொதிச்சுடும், நீங்க மணிக்கணக்கா விறகு போட்டாலும் துவரை கல்லு மாதிரியே நிக்கும், பாசிப்பருப்பை ஊறப்போட்டா வெந்துடும். நான் ஒரு தடவை ஒரு கிச்சன்ல பெரிய அண்டால வெண்பொங்கல் வச்சேன், நெய் இல்லை, எண்ணெய்லயே தாளிச்சேன், ராத்திரி எல்லாம் டிரம் அடிச்சுட்டு வந்த பசங்க தட்டை நீட்டிட்டு நின்ன வரிசை இன்னும் கண்ணுல இருக்கு. தட்டுன்னதும் ஞாபகம் வருது, தட்டு, டம்ளர், ஸ்பூன் ஆளுக்கு ஒண்ணு கண்டிப்பா கொண்டு போங்க, அங்க யாரும் தர மாட்டாங்க, அடுத்தவங்க தட்டுல சாப்பிடவும் கூடாது.

இப்ப தண்ணி விஷயம், இதை மட்டும் உங்க மனைவியும் சேர்ந்து படிக்கட்டும். 1987-ல வட கரோலினால நாந்தஹாலா வனத்துல நடந்த கேதரிங்ல ஷிகெல்லாங்குற ரத்தபேதிக் கிருமி பரவுச்சு, ஆயிரக்கணக்குல படுத்தாங்க, வழக்கமா குடுக்குற பல ஆன்டிபயாடிக்குக்கு அது கட்டுப்படலை, கூட்டம் கலைஞ்சு போனவங்க மூலமா மத்த மாநிலங்களுக்கும் போச்சு, நோய்க் கட்டுப்பாட்டு மையமான சிடிசி அதை ஆராய்ச்சி பண்ணி அறிக்கையே போட்டாங்க. ஷிகெல்லா பத்து நூறு கிருமி உள்ள போனாலே போதும், கழுவாத ஒரு கை ஒரு அண்டாவைத் தொட்டா அந்த அண்டால சாப்பிட்ட எல்லாருக்கும் ஆபத்து. அதுக்கப்புறம் நல்ல கிச்சன்கள் ரொம்ப மாறிடுச்சு, ஊத்துல இருந்து குழாய் போட்டு தண்ணி கொண்டு வந்து வடிகட்டுவாங்க, பாத்திரம் கழுவுறதுக்கு மூணு தொட்டி, சோப்புத் தண்ணி, அலசுற தண்ணி, கடைசியா பிளீச் கலந்த தண்ணி. நீங்க ஒரு கிச்சன்ல சாப்பிடலாமான்னு முடிவு பண்ணணும்னா அடுப்பைப் பாக்காதீங்க, வாசல்ல கை கழுவுற இடம் இருக்கா, அதுல சோப்பு இருக்கா, பரிமாறுறவர் கரண்டியை உங்க தட்டுல படாம ஊத்துறாரான்னு பாருங்க. இல்லைன்னா சிரிச்சுட்டு அடுத்த கிச்சனுக்கு நடங்க, யாரும் தப்பா எடுத்துக்க மாட்டாங்க.

குடிக்கிற தண்ணியை நீங்களே பாத்துக்கங்க. கையடக்க ஃபில்டர் பாக்டீரியாவையும், ஜியார்டியாங்குற வயித்துப்போக்குக் கிருமியையும் நிறுத்தும், ஆனா பெரும்பாலான ஃபில்டர் வைரஸை நிறுத்தாது, அதனால பாப்பாவுக்கு மட்டுமாவது கொதிக்க வச்சதுதான், கொதி வந்தப்புறம் ஒரு நிமிஷம், 6,500 அடிக்கு மேலன்னா மூணு நிமிஷம். ஊத்துத் தண்ணி சில்லுனு இருக்கேன்னு அப்படியே குடிச்சுடாதீங்க, நான் முதல் வருஷம் அந்தத் தப்பைப் பண்ணிட்டு நாலு நாள் படுத்தேன், அதுவும் நர்ஸா இருந்துட்டு. யார் பாட்டிலை நீட்டினாலும் பாட்டிலோட வாய்ல குடிக்கக் கூடாது. ஹேண்ட் சானிடைசர் இருக்கேன்னு நம்பாதீங்க, நோரோவைரஸுக்கு அது சரியா வேலை செய்யாது, சோப்புதான். குறைஞ்சது பத்து ஓஆர்எஸ் பாக்கெட் பையில இருக்கட்டும்.

கழிப்பறைன்னா நீளமா வெட்டின குழி, தண்ணில இருந்து குறைஞ்சது 200 அடி தள்ளி, போய்ட்டு வந்ததும் மேல சாம்பலோ சுண்ணாம்போ மண்ணோ போட்டு ஈ மொய்க்காம மூடணும். புதுசா வர்றவங்க கூச்சப்பட்டு புதருக்குள்ள போயிடுறாங்க, கால்ம்ல எங்களுக்கு அதுதான் பெரிய தலைவலி. பாப்பாவை முதல் நாளே கூட்டிட்டுப் போய் காட்டிப் பழக்குங்க, ராத்திரிக்கு தலையில மாட்டுற லைட் அவளுக்குத் தனியா ஒண்ணு வாங்குங்க. நீங்க ஒரு மணி நேரம் மண்வெட்டி பிடிச்சு ஒரு குழி வெட்டிக் குடுத்தா, மேஜிக் ஹேட்ல நூறு டாலர் போட்டதை விட அதுக்குத்தான் மரியாதை அதிகம், நானும் அப்படித்தான் நினைக்கிறேன்.

தங்குறதுக்கு கிட் வில்லேஜ் பக்கம் போங்க, குழந்தைங்க, கர்ப்பிணிங்க இருக்குறவங்களுக்கான முகாம், சீக்கிரம் சாப்பாடு போடுவாங்க, ஊஞ்சல் கட்டியிருப்பாங்க, ராத்திரி டிரம் சத்தமும் கொஞ்சம் தள்ளி இருக்கும். கார் நிக்கிற இடத்துல இருந்து ரெண்டு மூணு மைல் கூட நடக்க வேண்டி வரலாம், பாப்பாவையும் மூட்டையையும் சேர்த்து தூக்கிப் பாத்துட்டு அப்புறம் பேக் பண்ணுங்க. பார்க்கிங் பக்கத்துலதான் ஏ கேம்ப்னு குடிக்கிறவங்க முகாம் இருக்கும், உள்ள சாராயம் வேண்டாம்னு அவங்களை வாசல்லயே வச்சிருக்காங்க, பகல்லயே அதைத் தாண்டிப் போயிடுங்க, இருட்டினப்புறம் வந்து சேர்ற மாதிரி கிளம்பாதீங்க.

உள்ள எல்லாரும் "வெல்கம் ஹோம்"னு கட்டிப் பிடிப்பாங்க, பிரதர் சிஸ்டர்னுதான் கூப்பிடுவாங்க. அந்தப் பாசம் நிஜம்தான், எனக்கு அதுல சந்தேகமே இல்லை, ஆனா வாசல்ல யாரும் யாரையும் விசாரிச்சு உள்ள விடுறதில்லைங்குறதும் நிஜம். அதனால பொண்ணு எப்பவும் உங்க ரெண்டு பேர்ல ஒருத்தர் கண்ணு முன்னாடி இருக்கணும், கிட் வில்லேஜ்லயும்தான். போன் சிக்னல் இருக்காது, அவ கழுத்துல ஒரு விசில், கையில பட்டை கட்டி அதுல முகாம் பேரு எழுதிடுங்க. ஏதாவது ஆச்சுன்னா "சாந்தி சேனா"ன்னு சத்தமா கத்துங்க, கேட்ட ஆளெல்லாம் ஓடி வருவாங்க. நம்ம வார்த்தைதாங்க அது, காந்தி நினைச்சு வினோபா பாவே 1957-ல ஆரம்பிச்ச சாந்தி சேனையோட பேரு, அமெரிக்கக் காட்டுல சடை முடி பையன் ஒருத்தன் அதைக் கத்தினதை முதல் தடவை கேட்டப்ப எனக்கு உடம்பு சிலிர்த்துடுச்சு. துணி இல்லாம நடக்குறவங்களும் அங்கங்க இருப்பாங்க, பாப்பாகிட்ட முன்னாடியே சாதாரணமா சொல்லி வச்சுடுங்க, போட்டோ மட்டும் யாரையும் கேக்காம எடுக்காதீங்க.

உங்க விசா விஷயம் தனியா சொல்லணும். கஞ்சா அங்க வெளிப்படையாவே புழங்கும், ஒரேகான்ல சட்டப்படி சரிதானேன்னு நினைச்சுடாதீங்க, தேசிய வனம் ஃபெடரல் நிலம், அங்க ஃபெடரல் சட்டம், எந்த மாநிலமா இருந்தாலும் குத்தம்தான். குடிமக்களுக்கு அது ஒரு அபராதச் சீட்டோட முடியலாம், விசால இருக்குறவங்களுக்கு அப்படி முடியாது, கேஸ் ஆகாட்டாலும் ஒரு அதிகாரிகிட்ட "ஆமா புகைச்சேன்"னு ஒத்துக்கிட்டதே பின்னாடி சென்னைல விசா ஸ்டாம்பிங் போறப்பவோ கிரீன் கார்டுக்கோ வந்து நிக்கலாம். தொடாதீங்க, அடுத்தவங்க பையைப் பாத்துக்கறேன்னு வாங்கி வைக்காதீங்க, யாரு என்னன்னு தெரியாம கார்ல லிஃப்ட் குடுக்காதீங்க, என்ன கலந்திருக்குன்னு தெரியாத பிஸ்கட் கேக்கை வாங்காதீங்க, முக்கியமா பாப்பா கையில. வர்ற வழில வண்டிகளை நிறுத்திப் பாக்குறது சகஜம், டெயில் லைட், இன்சூரன்ஸ், லைசன்ஸ் எல்லாம் சரியா இருக்கட்டும், ஐ-94ங்குற நாட்டுக்குள்ள வந்த பதிவு, விசா பேப்பர் கையில இருக்கட்டும்.

இன்னொண்ணு, 75 பேரோ அதுக்கு மேலயோ கூடினா வனத்துறை பெர்மிட் வேணும்னு 1995-ல இருந்து விதி இருக்கு, இவங்களோ எங்களுக்குத் தலைவர் இல்லை, எல்லார் சார்பா ஒருத்தர் எப்படி கையெழுத்துப் போடுறதுன்னு கேக்குறாங்க, வருஷா வருஷம் இதே இழுபறி. சில வருஷம் அதிகாரிங்க ஒரு திட்டம் பேசி முடிச்சு விட்டுடுவாங்க, 2024-ல கலிபோர்னியா பிளூமாஸ் வனத்துல அந்தப் பகுதியையே மூடி உத்தரவு போட்டாங்க, அந்த மண்ணோட பூர்வகுடி மக்களும் எங்ககிட்ட கேக்காம வராதீங்கன்னு சொன்னாங்க, அவங்க சொல்றது எனக்கு நியாயமாத்தான் படுது. மூடல் உத்தரவை மீறினா 5,000 டாலர் அபராதம், ஆறு மாசம் ஜெயில் வரைக்கும் போகலாம். உங்க நிலைமைல மூடல் உத்தரவு இருந்தா போகவே போகாதீங்க, இதுல யோசிக்கவே வேண்டாம்.

துணிமணி பத்தி சுருக்கமா, ஜூலைதானேன்னு போகாதீங்க, மலை மேல ராத்திரி தண்ணி உறையுற குளிர் வரும், மத்தியானம் இடி மழை வரும், நல்ல ஸ்லீப்பிங் பேக், மழைக் கோட்டு, கம்பளித் தொப்பி. 8,000 அடிக்கு மேலன்னா முதல் நாள் பாப்பாவை ஓட விடாதீங்க, தலைவலி, வாந்தி வந்து நிக்கலைன்னா கீழ இறங்குறதுதான் வைத்தியம். தனியா அடுப்பு மூட்டாதீங்க, உண்ணியை தினம் ராத்திரி தலைமுடி, காது பின்னாடி பாத்துடுங்க.

நாள் கம்மின்னா 3-ந்தேதி போய் 5-ந்தேதி திரும்புங்க, 4-ந்தேதியை விட்டுடாதீங்க. அன்னிக்கு விடியறதுல இருந்து மத்தியானம் வரைக்கும் காடு முழுக்க மௌனம், ஆயிரக்கணக்கான ஜனம், இருமல் சத்தமும் குருவிச் சத்தமும்தான். நடு புல்வெளில எல்லாரும் கை கோத்து நிக்கிறப்ப கிட் வில்லேஜ்ல இருந்து முகத்துல கலர் பூசின குழந்தைங்க பாட்டுப் பாடிட்டு ஊர்வலமா வருவாங்க, அவங்க வந்துதான் மௌனம் கலையும், உங்க பொண்ணும் அந்த வரிசைல வரலாம்.

இடம் ஜூன் நடுவுலதான் தெரிய வரும். தெரிஞ்சதும் அந்த வனத்தோட ரேஞ்சர் ஆபீஸுக்கு போன் பண்ணி மூடல் உத்தரவு, தீத் தடை ரெண்டும் இருக்கான்னு கேட்டுட்டு எனக்கு எழுதுங்க, உயரமும் ரோடும் பாத்துட்டு பாப்பாவுக்கு மருந்துப் பையில என்ன வைக்கணும்னு தனியா சொல்றேன்.