சோயா மெழுகுக்கு மாறினால் தலைவலி போகுமா?

கேள்வி: வயது 36. வீட்டுச் சமையலறையில் கண்ணாடி டம்ளர்களில் வாசனை மெழுகுவர்த்தி செய்து விற்கிறேன். காற்று பட்டால் மேற்பரப்பு மேடுபள்ளமாகிறது என்பதால் ஜன்னலை மூடி, ஃபேனை அணைத்துவிட்டுத்தான் வேலை. வாசனை எண்ணெயைக் கண்ணளவாக ஊற்றுவேன். ஊற்றிய டம்ளர்கள் இரண்டு வாரம் படுக்கையறை அலமாரியில் இருக்கும். வேலை செய்யும் நாட்களில் தலைவலி, தொண்டைக் கரகரப்பு. விரலிடுக்குகளில் அரிப்பும் இருக்கிறது. வீஸிங் உள்ள 7 வயது மகன் இரவில் இருமுகிறான். பாரஃபினை (பெட்ரோலிய மெழுகு) விட்டு சோயா மெழுகுக்கு மாறினால் சரியாகுமா? – வாசகி, ஈரோடு

பதில்: மெழுகை மாற்றுவதால் பெரிய பலன் இருக்காது. உங்கள் தொந்தரவுகளைப் பார்த்தால் சந்தேகம் வாசனை எண்ணெய் மேலும் மூடிய ஜன்னல் மேலும்தான் விழுகிறது.

சூடான மெழுகில் எண்ணெயைக் கலக்கும் இரண்டு, மூன்று நிமிடங்களில்தான் ஆவி மிக அதிகமாகக் கிளம்பும். அப்போது நீங்கள் பாத்திரத்தின் மேலேயே குனிந்திருப்பீர்கள். அதனால் உருக்குவதையும் கலக்குவதையும் ஜன்னலைத் திறந்து, எக்ஸாஸ்ட் ஃபேனைப் போட்டுச் செய்யுங்கள். டம்ளரில் ஊற்றி ஆறவைப்பதற்கு மட்டும் காற்றோட்டம் குறைந்த வேறு அறை போதும். ஊற்றியதும் அங்கிருந்து வெளியே வந்துவிடுங்கள்.

தராசு அவசியம். 1 கிலோ மெழுகுக்கு 60 முதல் 80 கிராம் எண்ணெய் தாராளம். மெழுகு தாங்கும் அளவை மீறினால் மணம் அதிகமாகாது. எண்ணெய் மேலே கசியும், எரியும்போது புகையும். மெழுகை நேரடித் தீயில் வைக்காமல், வெந்நீர்ப் பாத்திரத்துக்குள் வைத்து 75–80 டிகிரி செல்சியஸ் வரை சூடாக்கினால் போதும். அடுப்பை அணைத்த பிறகே எண்ணெய் சேருங்கள், ஆவி தீப்பற்றக்கூடியது. மெழுகில் தீப்பிடித்துவிட்டால் மூடியால் மூட வேண்டும், தண்ணீர் ஊற்றவே கூடாது.

அரிப்பு, ஒவ்வாமையால் வரும் தோலழற்சியாக இருக்கலாம். 'இயற்கை எண்ணெய்' என்ற லேபிள் இதில் காப்பாற்றாது. பட்டை, கிராம்பு எண்ணெய்களே பலருக்கு ஒவ்வாமை தருபவை. எலுமிச்சை, லாவெண்டர் எண்ணெய்கள் திறந்த பாட்டிலில் காற்றுப் பட்டுப் பழசாகும்போது தோலை இன்னும் உறுத்தும். நைட்ரைல் கையுறை போடுங்கள். எண்ணெய் பட்டால் சோப்பும் தண்ணீரும் போதும், தின்னர் வேண்டாம். அரிப்பு தொடர்ந்தால் தோல் மருத்துவரிடம் பேட்ச் டெஸ்ட் செய்துகொள்ளுங்கள். சந்தேகப்படும் பொருட்களை முதுகில் ஒட்டி, 48 மணி நேரத்தில் எடுத்துப் பார்த்து, 96 மணி நேரத்தில் மறுபடி பார்ப்பார்கள். எந்தப் பொருள் ஆகவில்லை என்று தெரிந்தால் அதை மட்டும் தவிர்த்துத் தொழிலைத் தொடரலாம்.

மகன் விஷயத்தில் தாமதம் வேண்டாம். டம்ளர்களை இன்றே படுக்கையறையிலிருந்து எடுத்துவிடுங்கள். மெழுகு கெட்டியானதும் மூடி போட்டு, யாரும் படுக்காத இடத்தில் வையுங்கள். அவன் இருக்கும்போது சோதனைக்குக்கூட வர்த்தி ஏற்ற வேண்டாம். வேறு நேரத்தில் ஏற்றினாலும் திரியை 5 மில்லிமீட்டருக்கு வெட்டிவிட்டு ஏற்றுங்கள். நீண்ட திரி கரி கக்கும், சோயா மெழுகிலும்தான். இரவு இருமல் வருகிறது என்றால் ஆஸ்துமா கட்டுப்பாட்டில் இல்லை என்று பொருள். தினசரி இன்ஹேலரை நிறுத்தாமல் குழந்தை மருத்துவரைப் பாருங்கள். விலா எலும்புகளுக்கிடையே சதை உள்ளிழுத்தாலோ, பேச மூச்சு வாங்கினாலோ உடனே மருத்துவமனைக்குப் போங்கள். எண்ணெய் பாட்டில்கள் பூட்டிய அலமாரியில் இருக்கட்டும். குழந்தை விழுங்கிவிட்டால் வாந்தி எடுக்க வைக்காதீர்கள், எண்ணெய் நுரையீரலுக்குள் போய்விடும்.

சூடான மெழுகு கையில் கொட்டினால் உடனே 20 நிமிடம் குழாய்த் தண்ணீரில் காட்டுங்கள். பற்பசை, இங்க் எதுவும் வேண்டாம். ஒட்டிய மெழுகைப் பிய்த்தால் தோலும் சேர்ந்து வரும்.

ஜன்னலைத் திறந்து வேலை செய்தும் தலைவலி போகாவிட்டால் ரத்த அழுத்தத்தையும் கண்ணையும் பரிசோதியுங்கள். மூடிய சமையலறையில் கேஸ் அடுப்பு எரிந்துகொண்டிருக்கும்போது தலைவலியோடு கிறுகிறுப்பும் குமட்டலும் வந்தால் அது கார்பன் மோனாக்சைடு என்ற நச்சு வாயுவால் இருக்கலாம். எல்லோரும் உடனே வெளியே வந்துவிட்டு மருத்துவமனைக்குப் போங்கள். அடுப்பைச் சரிசெய்யும்வரை அதைப் பற்றவைக்காதீர்கள்.