கிளவுட்ஃப்ளேரின் சோதனைப் பக்கத்தில் பாஸ் வந்தால் எங்கள் நெட்வொர்க் ஆர்பிகேஐ சரிபார்க்கிறது என்று அர்த்தமா?

இல்லை. நீங்களும் ஒரு சின்ன ஐஎஸ்பியில் இருக்கிறீர்கள், மேலிடத்தில் யாரோ அந்தப் பக்கத்தை ஸ்கிரீன்ஷாட் எடுத்து அனுப்பியிருக்கிறார்கள் என்று நினைக்கிறேன். எனக்கு அப்படித்தான் நடந்தது.

"இந்த இணைய முகவரிகளுக்கு என்னிடம் வாருங்கள்" என்று அறிவிக்கும் நெட்வொர்க்குக்கு அந்த உரிமை உண்டா என்று கையொப்பமிட்ட பதிவுகளை வைத்துச் சரிபார்க்கும் முறைதான் ஆர்பிகேஐ. ஒரு முகவரித் தொகுதியை எந்த ஏஎஸ் எண் (நெட்வொர்க்கின் அடையாள எண்) அறிவிக்கலாம் என்று அதன் உரிமையாளர் கையொப்பமிட்டு வைக்கும் பதிவுதான் ஆர்ஓஏ. கிளவுட்ஃப்ளேர் 2020இல் வெளியிட்ட சோதனை, அதோடு பொருந்தும் முகவரி ஒன்றையும் வேண்டுமென்றே பொருந்தாமல் அறிவித்த முகவரி ஒன்றையும் திறந்து பார்க்கும். இரண்டாவது திறக்காவிட்டால் பாஸ். ஆசிய-பசிபிக் பகுதிக்கு இணைய முகவரிகளை ஒதுக்கும் ஏப்னிக்கின் ஆய்வகம் விளம்பரங்கள் வழியாகப் பயனர்களின் பிரௌசரில் அளப்பதும் ஏறக்குறைய இதே முறைதான். பாக்கெட் போய்ச் சேர்ந்ததா என்று தெரியும். வழியில் தடுத்தது யார் என்று தெரியாது.

எங்களுக்கு அப்போது ஒரே அப்ஸ்ட்ரீம் (எங்களை இணையத்தோடு இணைக்கும் நெட்வொர்க்). ஒரு வரி கான்ஃபிக் கூட எழுதவில்லை, ஆனாலும் பாஸ். பொருந்தாத ரூட்களை, அதாவது முகவரி அறிவிப்புகளை, அவர்களே கழித்துவிட்டதால் எங்களிடம் வரவேயில்லை. அந்த பாஸை வைத்து எங்கள் மேலிடத்தில் வாடிக்கையாளர்களிடம் "நாங்கள் சரிபார்க்கிறோம்" என்று எழுதிக்கொடுத்தார்கள். வேண்டாம் என்றேன், யாரும் கேட்கவில்லை. சில மாதங்களில் இரண்டாவது அப்ஸ்ட்ரீம் வந்தது. அவர்கள் கழிப்பதில்லை, அன்றே ஃபெயில்.

அப்புறம் ஆர்ஓஏக்களைச் சரிபார்த்து ரூட்டர்களுக்குச் சொல்லும் வேலிடேட்டர் மென்பொருளான ரூட்டினேட்டரை நிறுவி, ரூட்டர்களோடு இணைத்து, பொருந்தாததை நிராகரிக்க வைத்தேன். ரூட்டரின் வழிப் பட்டியலான டேபிளில் அந்தப் பொருந்தாத ரூட் இல்லை, ஆனாலும் ஃபெயில்! இரண்டு இரவு மண்டையை உடைத்த பிறகுதான் பிடிபட்டது. இரண்டாவது லிங்க் போடும்போது "இருக்கட்டும்" என்று வைத்த டிஃபால்ட் ரூட் (டேபிளில் இல்லாத முகவரிகளுக்கான பொது வழி) வழியாகப் பாக்கெட் போய்க்கொண்டிருந்தது. முழு டேபிளும் வாங்குகிறோம், டிஃபால்ட் தேவையில்லை. எடுத்ததும் பாஸ்.

அதனால் உங்கள் ரூட்டருக்குள்ளேயே பாருங்கள். வேலிடேட்டரோடு இணைப்பு உயிரோடு இருக்கிறதா, ஒவ்வொரு அப்ஸ்ட்ரீமிலிருந்தும் எத்தனை ரூட் நிராகரிக்கப்பட்டது, டிஃபால்ட் எங்கே போகிறது என்று பாருங்கள்.

ஏஎஸ் பாதையை (அறிவிப்பு கடந்து வந்த ஏஎஸ் எண்களின் வரிசையை) போலியாக ஒட்டினால் இது பிடிக்காதே என்று சிலர் வருவீர்கள். உண்மைதான். ஆனால் 2008இல் பாகிஸ்தான் டெலிகாம் யூடியூபின் முகவரிகளைத் தன்னுடையதாக அறிவித்து, உலகெங்கும் யூடியூப் முடங்கியதே, அந்த மாதிரித் தவறை இது நிறுத்தும்.

இன்னொன்றும் சொல்லியாக வேண்டும். அந்த இரண்டு இரவுக்கு எனக்கு மாற்று விடுப்பு கிடையாது. மறுநாள் தாமதமாக வந்தேன் என்று அரை நாள் சம்பளத்தையும் பிடித்தார்கள். வாடிக்கையாளர் தூங்கும் நேரத்தில்தான் ரூட்டரில் கை வைக்க முடியும் என்று மனிதவளத் துறைக்கு இரண்டு முறை எழுதினேன். பதில் வரவில்லை.