பனி நாட்டில் தக்காளியும் காட் மீனும்

கேள்வி: ஐஸ்லாந்தில் விவசாயம் என்று ஒன்று இருக்கிறதா, இல்லை எல்லாமே இறக்குமதிதானா?

பதில்: இருக்கிறது, ஆனால் வயலைத் தேடாதீர்கள். சாகுபடி நிலம் நாட்டின் பரப்பில் ஏறக்குறைய 1 சதவீதம், அதிலும் பெரும்பகுதி புல்தான். அதை வெட்டிச் சேமித்துத்தான் ஆடுமாடுகளைக் குளிர்காலம் தாண்ட வைக்கிறார்கள். கோடையில் செம்மறி ஆடுகளை மேய்ப்பவர் இல்லாமலே மலைக்கு விரட்டிவிட்டு, செப்டம்பரில் ஊரே குதிரையேறிப் போய் ஓட்டி வந்து, பட்டியில் அடைத்து, காதிலுள்ள குறியைப் பார்த்து அவரவர் ஆட்டைப் பிரித்துக்கொள்வார்கள். தானியத்தில் பார்லி கொஞ்சம் விளைகிறது, அரிசியும் கோதுமையும் கப்பலில் வருபவை. தக்காளி, வெள்ளரிக்காய்க்கு மட்டும் வேறு வழி: பூமிக்குள்ளிருந்து வரும் வெந்நீரைக் குழாயில் ஓடவிட்டு, வெயிலுக்குப் பதில் மின்விளக்கு போட்டு, பசுமைக்குடிலில் வளர்க்கிறார்கள். வாழையும் உண்டு, ஆனால் ஐரோப்பாவுக்கே அங்கிருந்துதான் பழம் போகிறது என்று யாராவது வாட்ஸ்அப்பில் அனுப்பினால் நம்பிவிடாதீர்கள், கடைக்குப் போகிற அளவுக்குக்கூட அது விளைவதில்லை.

கேள்வி: காட் என்ற கடல் மீனுக்காகப் பிரிட்டனையே எதிர்த்தார்களாமே?

பதில்: ஆமாம். தங்களுக்கு மட்டுமே மீன்பிடி உரிமை என்ற கடல் எல்லையை 1958-இல் 12 கடல் மைல், 1972-இல் 50, 1975-இல் 200 என்று தள்ளிக்கொண்டே போனார்கள். பிரிட்டன் தன் மீன்பிடிக் கப்பல்களுக்குக் காவலாகப் போர்க்கப்பல்களை அனுப்பியது. கடற்படையே இல்லாத ஐஸ்லாந்தோ, காவல் படகின் பின்னால் ஒரு வெட்டுக் கருவியைக் கட்டி இழுத்துப் போய், இழுவலையின் கம்பியை அறுத்துவிட்டது! பிரிட்டனும் சேர்ந்த நேட்டோ ராணுவக் கூட்டணிக்குத் தங்கள் நாட்டின் கெஃப்லாவிக்கில் இருந்த தளத்தை மூடிவிடுவோம் என்ற மிரட்டலும் சேர, 1976-இல் பிரிட்டன் இறங்கி வந்தது.

கேள்வி: எல்லை கிடைத்துவிட்டது. மீன் தீராமல் எப்படிப் பார்த்துக்கொள்கிறார்கள்?

பதில்: 1984 முதல் கோட்டா. ஆண்டுக்கு இத்தனை டன் என்று முதலில் முடிவு செய்து, அதில் ஒவ்வொரு படகுக்கும் ஒரு பங்கு. பிடித்ததைத் திரும்பக் கடலில் கொட்டக் கூடாது. இதுவரை சரி. 1990-இல் வந்த சட்டம், மீன்வளம் தேசத்தின் பொதுச்சொத்து என்று முதல் பிரிவிலேயே சொல்லிவிட்டு, அந்தப் பங்கைத் தாராளமாக விற்கவும் வாங்கவும் வழிவிட்டது. அப்புறம் என்ன, பெரிய நிறுவனங்கள் வாங்கிக் குவித்தன, பங்கு கைமாறிய சின்ன ஊர்களில் துறைமுகம் இருக்கிறது, வேலை இல்லை. உலகமே மெச்சுகிற திட்டம்தான், மீன் பிழைத்தது என்ற அளவில் நானும் மெச்சுகிறேன். சின்னப் படகுக்காரர்கள் கோட்டா இல்லாமலே கோடை மாதங்களில் தூண்டில் போடலாம் என்று 2009-இல் அனுமதித்தார்கள். ரொம்பத் தாமதம்.