ஃபைபரா, 4ஜி இணைப்பா?

கேள்வி: ஒட்டுசுட்டானில், பிரதான வீதியிலிருந்து உள்ளே தள்ளி எங்கள் வீடு இருக்கிறது. உயர்தரம் படிக்கும் மகளின் இணையவழி வகுப்புகளுக்கு எந்த நிறுவனத்தின் இணைப்பை எடுக்கலாம்? எந்த ரவுட்டர் பொருந்தும்?

பதில்: நிறுவனத்தின் பெயரைவிட, உங்கள் ஒழுங்கை வரை எது வந்து சேர்கிறது என்பதே முக்கியம். ஸ்ரீலங்கா டெலிகொமின் ஃபைபர், அதாவது கண்ணாடி இழை வழியாக வரும் இணைப்பு, அங்கு கிடைக்குமானால் தயங்காமல் அதையே எடுங்கள். கண்ணாடி இழை மின்சாரத்தைக் கடத்தாததால், மாரிகால மின்னலில் செப்புக் கம்பியைவிட அதில் ஆபத்துக் குறைவு.

ஃபைபர் இல்லையென்றால், கைபேசிக் கோபுரத்திலிருந்து வரும் 4ஜிதான் வழி. பணம் கட்டுவதற்கு முன்னர், மொபிட்டல், டயலொக், ஹட்ச் சிம்கள் உள்ள உறவினர்களின் கைபேசிகளை வாங்கி, மகள் படிக்கும் அதே மேசையில், பலரும் இணையத்தில் இருக்கும் இரவு எட்டு மணியளவில் வேகத்தைப் பரிசோதித்துப் பாருங்கள். தரவிறக்க வேகம் மட்டும் போதாது, மகளின் குரல் ஆசிரியருக்குத் தடையின்றிக் கேட்கப் பதிவேற்ற வேகமும் வேண்டும். கோபுரம் தொலைவில் இருந்தாலோ, கூரை தகரமாக இருந்தாலோ, வெளி அன்டெனா பொருத்தும் துளையுள்ள ரவுட்டரை வாங்கி, அன்டெனாவைக் கூரைக்கு மேலே கோபுரத்தை நோக்கிப் பூட்டுவதே என் பரிந்துரை. நிறுவனங்கள் தரும் ரவுட்டர்களில் பல, வேறு நிறுவனத்தின் சிம்மை ஏற்காது என்பதையும் கேட்டறியுங்கள். சுவர் தாண்டிய அறைக்கு, ரவுட்டரின் வைஃபையில் 2.4 கிகாஹேர்ட்ஸ் அலைவரிசையே நன்று.

பொதியின் தரவில் ஒரு பகுதி நள்ளிரவுக்குப் பின்னர் மட்டும் பயன்படுவதாக இருந்தால், அதை வகுப்புக்கான கணக்கில் சேர்க்காதீர்கள்.