அந்த ஐந்து ரூபாய்க் கன்னியாஸ்திரி யார்?

கேள்வி: சில்லறையில் ஒரு ஐந்து ரூபாய் நாணயம் வந்தது. அதில் முக்காடு போட்ட ஒரு கன்னியாஸ்திரி. அன்னை தெரசாதான் என்கிறார் வீட்டுக்காரர். எனக்கென்னவோ முகம் ஒத்துவரவில்லை. யார் அது, கடையில் செல்லுமா?
(வாசகி, திண்டுக்கல்)

பதில்: தாராளமாகச் செல்லும். வீட்டுக்காரரோடு சண்டை வேண்டாம், இரண்டு பேருக்குமே நாணயம் உண்டு. 2009-ல் கேரளக் கன்னியாஸ்திரி புனித அல்போன்சா, அடுத்த வருடமே அன்னை தெரசா. இருவருமே 1910 ஆகஸ்டில் பிறந்தவர்கள். அல்போன்சா 19-ம் தேதி கேரளாவில், தெரசா 26-ம் தேதி ஐரோப்பாவில் ஸ்கோப்யே நகரத்தில். ஒரே வாரம்தான் இடைவெளி, அதனால்தான் நூற்றாண்டு நாணயங்களும் அடுத்தடுத்து வந்தன. கண்ணாடியை மாட்டிக்கொண்டு ஓரத்தைப் பாருங்கள், பெயர் இருக்கும்.

கேள்வி: ஜூலையில் கேரளாவில் இருக்கிற பரணங்கானம் போய் அல்போன்சாவின் கல்லறையையும் அருங்காட்சியகத்தையும் பார்க்கலாம் என்று அம்மா ஆசைப்படுகிறார். நாங்கள் கிறிஸ்தவர்கள் இல்லை. உள்ளே விடுவார்களா? அப்படி என்னதான் செய்தார் இந்தப் புனிதர், ஆஸ்பத்திரி கட்டினாரா, அநாதை இல்லம் நடத்தினாரா?
(வாசகர், கம்பம்)

பதில்: விடுவார்கள். கல்லறைக்கு முன்னால் யாரும் யாரிடமும் சாதி, மதம் கேட்பதில்லை. மெழுகுவத்தி ஏற்றிவிட்டு விபூதிப் பட்டையோடு திரும்பி வருகிறவர்களை நானே பார்த்திருக்கிறேன். செருப்பை வாசலில் விடுங்கள், பூசை நடந்துகொண்டிருந்தால் குறுக்கே நடக்காதீர்கள், அவ்வளவுதான்.

இரண்டாவது கேள்விதான் சரியான கேள்வி. எதுவும் கட்டவில்லை, எதையும் நடத்தவில்லை. கோட்டயம் பக்கம் குடமாளூரில் அன்னக்குட்டியாகப் பிறந்தவர். கைக்குழந்தையாக இருந்தபோதே அம்மா இறந்துவிட, முட்டுச்சிறையில் பெரியம்மா வீட்டில் வளர்ந்தார். 1927-ல் பரணங்கானத்தில் இருந்த கிளாரிஸ்ட் சபைக் கன்னியாஸ்திரிகளின் மடத்துக்கு வந்து, அடுத்த வருடம் அல்போன்சா என்ற பெயரை ஏற்றார். வாகக்காடு என்ற ஊரில் ஒரு வருடம் போலப் பிள்ளைகளுக்குப் பாடம் சொல்லிக் கொடுத்தார். வேலை என்று சொன்னால் அதுதான், மிச்சமெல்லாம் நோய். 1940-ல் ஒரு ராத்திரி அறைக்குள் திருடன் நுழைந்துவிட, அந்த அதிர்ச்சியில் நினைவு தப்பி எழுதப் படிக்கக்கூட மறந்துபோனார். 1946 ஜூலை 28-ல் இறந்தபோது வயது 35.

அதனால் பெரிய அருங்காட்சியகத்தை மனதில் வைத்துக்கொண்டு போனால் ஏமாந்துதான் திரும்புவீர்கள். அவர் இருந்த மடம், படுத்திருந்த அறை, கட்டில், உடுத்திய துணி, கையில் எடுத்துப் புழங்கிய சாமான்கள், இதுதான் காட்சி. என்னோடு வந்த அத்தை அந்தக் கட்டிலைப் பார்த்துவிட்டு, "இதில் புரண்டு படுக்கக்கூட முடியாதேடா" என்றார். அவருக்கு மூன்று வருடம் மாமியாரைப் படுக்கையில் வைத்துப் பார்த்த அனுபவம், அதனால் கட்டிலின் அகலம்தான் முதலில் கண்ணில் பட்டிருக்கிறது. எனக்கு அது தோன்றவே இல்லை, நான் சுவரில் இருந்த தேதிகளைப் படித்துக்கொண்டிருந்தேன். உங்கள் அம்மாவை அந்த அறையில் அவசரப்படுத்தாதீர்கள், வண்டியில் டிரைவர் காத்திருந்தாலும் சரி.

அல்போன்சா இறந்த பிறகு அவரைத் தேடி முதலில் வந்தவர்கள் பிஷப்போ பணக்காரர்களோ இல்லை, அந்த ஊர்ப் பள்ளிப் பிள்ளைகள்தான். பரீட்சைக்கும் காய்ச்சலுக்கும் வேண்டிக்கொண்டு கல்லறையில் மெழுகுவத்தி வைக்க ஆரம்பித்தார்கள், பெரியவர்கள் அப்புறம்தான் வந்தார்கள். 1986 பிப்ரவரி 8-ல் போப் இரண்டாம் ஜான் பால் கோட்டயத்துக்கே வந்து அருளாளர் (புனிதர் பட்டத்துக்கு முந்தைய படி) என்று அறிவித்தார் (அதற்கு மூன்று நாள் முன்னால்தான் நம் சாந்தோமில் இருந்தார்). 2008 அக்டோபர் 12-ல் ரோமில் புனிதர் பட்டம். இந்தியாவில் பிறந்த பெண்களில் முதல் புனிதர் இவர்தான்.

கேள்வி: கல்யாணம் வேண்டாம் என்று அல்போன்சா தன் காலைத் தானே நெருப்பில் சுட்டுக்கொண்டாராமே? இதையெல்லாம் பக்தி என்று பிள்ளைகளுக்குச் சொல்லலாமா?
(வாசகி, நாகர்கோவில்)

பதில்: சொல்லக் கூடாது, அப்படிச் சொல்ல வேண்டிய அவசியமும் இல்லை. நடந்தது 1923-ல், வயது 13. பெரியம்மாவுக்கு நல்ல இடமாகப் பார்த்துக் கட்டிவைக்க ஆசை, பெண்ணுக்கு மடத்துக்குப் போக ஆசை. பதர் எரிந்து தணல் கிடந்த குழியில் காலை வைத்தார், கொஞ்சம் சுட்டு அவலட்சணமானால் மாப்பிள்ளை வீட்டார் வர மாட்டார்கள் என்று கணக்கு. நினைத்ததற்கு மேல் உள்ளே சறுக்கி இரண்டு காலும் வெந்துபோய், ஆற மாதக்கணக்கில் ஆனது. அந்தத் தழும்புக்காக யாரும் பட்டம் கொடுக்கவில்லை, நோயை அவர் சுமந்த விதத்துக்குத்தான் கொடுத்தார்கள். நான் என் மகளுக்கு இந்தக் கதையைச் சொன்னபோது, ஒரு பெண் "வேண்டாம்" என்று சொன்னால் வீட்டில் காதில் வாங்கிக்கொள்ளாத காலம் அது என்றுதான் ஆரம்பித்தேன். அவள் உடனே, "இப்போது மட்டும்?" என்றாள். பதில் சொல்லத் திணறினேன்.

கேள்வி: முதல் இந்தியப் புனிதர் அல்போன்சாதான் என்று வாட்ஸ்அப்பில் வந்ததே, சரியா?
(வாசகர், தூத்துக்குடி)

பதில்: பெண்களில் என்று சேர்த்தால் சரி. ஆண்களில் மும்பை பக்கம் வசாய் என்ற ஊரில் பிறந்த கொன்சாலோ கார்சியா இருக்கிறார். 1597-ல் ஜப்பானில் நாகசாகியில் சிலுவையில் அறைந்து கொன்றார்கள், 1862-லேயே புனிதர் பட்டம்.

கேள்வி: திருவிழா நாளில் போகலாமா, கூட்டம் இல்லாத நாளில் போகலாமா? பக்கத்தில் வேறு என்ன பார்க்கலாம்? எனக்கு மலையாளம் சுத்தமாக வராது.
(வாசகி, சிவகாசி)

பதில்: திருவிழா ஜூலை 19 முதல் 28 வரை. நவநாள், பவனி, கூட்டம், கூடவே கொட்டும் மழை. விழா வேண்டும் என்றால் அப்போது போங்கள், அறையை நின்று பார்க்க வேண்டும் என்றால் ஆகஸ்டுக்குப் பிறகு ஒரு சாதாரண நாளில், காலையிலேயே. ரயிலில் கோட்டயம் இறங்கி பாலா பஸ் பிடியுங்கள், பாலாவிலிருந்து ஈராற்றுப்பேட்டை போகும் வழியில் ஐந்தாறு கிலோமீட்டரில் ஊர் வந்துவிடும். தேனிப் பக்கமிருந்து காரில் வருகிறவர்களுக்குக் குமுளி, குட்டிக்கானம், முண்டக்கயம் வழி. வளைவுகள் அதிகம், வாந்தி வருகிற பிள்ளைகளுக்குப் புளிப்பு மிட்டாய் வைத்துக்கொள்ளுங்கள்.

ஒரு நாள் கூடுதலாக இருந்தால் குடமாளூரில் அவர் பிறந்த வீட்டையும், அதற்குக் கிட்டத்திலேயே இருக்கிற மன்னானத்தில் கேரளப் பாதிரியார் குரியாகோஸ் சாவறாவின் அறையையும் பாருங்கள். 1986-ல் இருவரையும் ஒரே நாளில்தான் அருளாளர் ஆக்கினார்கள். அல்போன்சாவே நோயில் சாவறாவை வேண்டிக்கொண்டவர்தான்.

மொழிக்குப் பயப்படாதீர்கள். பஸ்ஸில் "அல்போன்சாம்மா, கபரிடம்" (கபரிடம் என்றால் கல்லறை) என்று இரண்டே சொல் சொல்லுங்கள், கண்டக்டர் மட்டுமில்லை, பக்கத்து சீட்டுப் பாட்டியும் சேர்ந்து இறக்கிவிடுவார். குடை மட்டும் மறக்காதீர்கள், நான் மறந்து போய் அங்கே ஒன்று வாங்கி, அதையும் பஸ்ஸிலேயே விட்டுவிட்டு வந்தேன்.