ஒலிப் பகிர்வுத் தளத்துக்குப் பணம் எங்கிருந்து? – கேள்வி பதில்

ஒரு வட்டாரத்து மக்களுக்காகக் கல்லூரியோ தொண்டு அமைப்போ நடத்தும் சிறு நிலையம்தான் சமுதாய வானொலி. அப்படி ஒரு நிலையம் தயாரித்த நிகழ்ச்சியை இன்னொரு நிலையம் இறக்கித் தன் ஊரில் ஒலிபரப்பிக்கொள்ள உதவும் தளங்கள் சில இருக்கின்றன. பெரும்பாலும் தன்னார்வலர்கள் நடத்துவது. அப்படி ஒன்றின் வரவு செலவைப் பார்ப்பவள் நான். பணம் சம்பந்தமான கேள்விகளுக்கு மட்டும் இங்கே பதில்.

கல்லூரி வானொலி மாணவி, திருச்சி: அக்கா, நாங்கள் சில நிலையங்கள் சேர்ந்து இப்படி ஒரு தளம் தொடங்க நினைக்கிறோம். லட்சக்கணக்கில் ஆகுமா?

ஆகாது. ஆனால் நீங்கள் நினைக்கும் இடத்தில் செலவு இல்லை, நினைக்காத இடத்தில் இருக்கிறது. கணக்குப் போட்டுப் பார்ப்போம்.

அரை மணி நேர நிகழ்ச்சியை 128 கேபிபிஎஸ் (விநாடிக்கு எவ்வளவு ஒலித்தரவு என்ற அளவு) எம்பி3 ஆக மாற்றினால் ஏறக்குறைய 29 எம்பி. 30 நிலையங்கள் வாரத்துக்கு ஆளுக்கு இரண்டு நிகழ்ச்சி ஏற்றினால் வாரம் 60 கோப்பு, வருடம் 3,120. மொத்தமே 90 ஜிபிதான். ஒவ்வொன்றையும் பத்து நிலையங்கள் இறக்கிக்கொண்டாலும் வருடத்துக்கு 900 ஜிபி, மாதத்துக்கு 75 ஜிபி. ஒரு வீட்டுப் பிள்ளைகள் கைபேசியில் பார்த்துத் தீர்க்கும் டேட்டா இது. வாடகை சர்வர், டொமைன் என்னும் தள முகவரி, இன்னோரிடத்தில் ஒரு பிரதி எல்லாம் சேர்த்து மாதம் இரண்டாயிரம் ரூபாய்க்குள் முடித்துவிடலாம்.

இனி இன்னொரு பக்கம். வாரம் 60 அரை மணி என்றால் 30 மணி நேரம். அதை யாராவது கேட்டாக வேண்டும். கேட்டு, என்ன நிகழ்ச்சி, யார் பேசுகிறார்கள், எந்த வட்டாரப் பேச்சு, எத்தனை நிமிடம் என்று நான்கு வரி எழுத வேண்டும். எழுதாவிட்டால் அந்தக் கோப்பை ஒருவரும் தொடமாட்டார்கள். "பைனல் நியூ 2" என்ற பெயரில் வரும் கோப்பைத் திறந்தால் முதல் நாற்பது விநாடி நிலையத்தின் முத்திரை இசை, ஐந்து நிமிடத்துக்கு ஒருமுறை அலைவரிசை எண், நடுவில் "நாளை மறுநாள் நம்ம ஊரில் கண் சிகிச்சை முகாம்" என்று ஓர் அறிவிப்பு. இதை வேறு ஊர் நிலையம் எப்படிப் போடும்? வெட்டிச் சீர்செய்யவும் ஆள் வேண்டும். உங்கள் பட்ஜெட்டில் முதல் வரியாக எழுத வேண்டியது அந்த ஆளைத்தான்.

தேனி வாசகர்: யூடியூபில் போட்டால் எல்லாம் இலவசம்தானே? எதற்குத் தனித் தளம், வசூல்?

கேட்பவர்களுக்கு யூடியூப் போதும், போடுங்கள். நிலையத்துக்கு அது பயன்படாது. ஒலிபரப்புபவருக்குக் கையில் கோப்பு வேண்டும், கூடவே "நீங்கள் ஒலிபரப்பலாம்" என்ற எழுத்துபூர்வமான அனுமதியும் வேண்டும்.

இன்டர்நெட் ஆர்க்கைவில் இலவசமாக ஏற்றலாம். இரண்டாவது பிரதிக்கு நான் அதைத்தான் சொல்வேன், ஆனால் ஒரே பிரதியாக வைக்காதீர்கள். 2024 அக்டோபரில் இணையத் தாக்குதலால் அந்தத் தளமே சில நாள் முடங்கிக் கிடந்தது. அந்த வாரம் ஒலிபரப்ப வேண்டிய நிகழ்ச்சி அங்கே மட்டும் இருந்தால் என்ன செய்வீர்கள்?

நிலையப் பொறுப்பாளர், நாகப்பட்டினம் மாவட்டம்: எங்கள் ஒருங்கிணைப்பாளரின் ஜிபே எண்ணைத் தளத்தில் போட்டு நன்கொடை வாங்கலாமா? நம்பகமானவர்தான்.

கூடாது. அவர் நம்பகமானவர் என்பதால்தான் கூடாது. ஊர்ப் பணம் முழுவதும் அவர் பான் எண்ணில் வருமானமாகத் தெரியும், நாளை வருமானவரி நோட்டீஸ் வந்தால் அவர்தான் பதில் சொல்ல வேண்டும். தமிழ்நாடு சங்கங்கள் பதிவுச் சட்டத்தின் கீழ் ஏழு பேர் சேர்ந்தால் சங்கம் பதியலாம். சங்கத்தின் பெயரில் பான், வங்கிக் கணக்கு, இருவர் கையெழுத்து. அதன் பிறகு யூபிஐ எண் போடுங்கள். அது வரை பத்து ரூபாய்கூட வாங்காதீர்கள்.

சிங்கப்பூரிலிருந்து ஒருவர்: எங்கள் ஊர் வானொலிக்கும் உங்கள் தளத்துக்கும் மாதம் ஒரு தொகை அனுப்ப ஆசை. எப்படி?

முதலில் உங்கள் பாஸ்போர்ட் எந்த நாட்டுடையது என்று சொல்லுங்கள். இந்தியப் பாஸ்போர்ட் வைத்துக்கொண்டு அங்கே வேலை பார்ப்பவர் தன் சொந்தச் சேமிப்பிலிருந்து வங்கி வழியாக அனுப்பினால் அது வெளிநாட்டு நன்கொடை ஆகாது. குடியுரிமை மாறியிருந்தால், வெளிநாட்டுக் குடியுரிமை பெற்ற இந்திய வம்சாவளியினருக்குத் தரும் ஓசிஐ அட்டை இருந்தாலும், அது வெளிநாட்டுப் பணம்தான். அதை வாங்க எஃப்சிஆர்ஏ என்னும் வெளிநாட்டு நன்கொடைச் சட்டத்தின் கீழ் பதிவு வேண்டும். அந்தப் பதிவுக்கு அமைப்பு மூன்று வருடம் இயங்கியிருக்க வேண்டும், அந்த மூன்று வருடத்தில் 15 லட்சம் ரூபாய் நற்பணிக்குச் செலவழித்திருக்க வேண்டும். சர்வருக்கு மாதம் இரண்டாயிரம் கட்டும் நாங்கள் எங்கே, 15 லட்சம் எங்கே!

"பதிவு உள்ள வேறு தொண்டு நிறுவனம் வாங்கி நமக்குத் தரட்டுமே" என்று அடுத்து யாராவது கேட்பீர்கள். 2020 திருத்தத்துக்குப் பிறகு அப்படிக் கைமாற்றக் கூடாது. இன்னொன்று. ஒலி வடிவில் செய்தியோ நடப்பு நிகழ்ச்சிகளோ தயாரிக்கும், ஒலிபரப்பும் அமைப்பு வெளிநாட்டுப் பணம் வாங்கவே கூடாது என்று அதே சட்டம் சொல்கிறது. பகிர்வுத் தளத்தில் யார் என்ன ஏற்றுகிறார்கள் என்பது உங்களுக்கே முழுதாகத் தெரியாது. ஐயா, உங்கள் அன்புக்கு நன்றி. ஊரில் உங்கள் தம்பியோ தங்கையோ இருந்தால் அவர்கள் சம்பாத்தியத்திலிருந்து தரட்டும்.

விளம்பர முகவர், மதுரை: நிகழ்ச்சிக்குள்ளேயே ஒரு ஸ்பான்சர் பெயரைச் சேர்த்து, இறக்கும் எல்லா நிலையங்களிலும் ஓடவிட்டால் நல்ல வருமானம் வருமே?

உங்களுக்கு வரும். 2024-இல் திருத்திய விதிப்படி சமுதாய வானொலி மணிக்கு 12 நிமிடம் விளம்பரம் போடலாம், முன்பு 7 நிமிடம். அரசு விளம்பரத்துக்குப் பத்து விநாடிக்கு 74 ரூபாய், முன்பு 52. ஒரு சிறு நிலையத்தின் பிழைப்பே அந்த நிமிடங்களில்தான் இருக்கிறது. நீங்கள் கோப்புக்குள் ஒட்டி அனுப்பும் விளம்பரம் அவர்களுடைய 12 நிமிடத்தைத் தின்னும், பணம் உங்கள் பைக்குப் போகும். எங்கள் தளத்தில் அப்படி வரும் கோப்பைத் திருப்பி அனுப்பிவிடுகிறோம். தளத்தின் முகப்பில் "இந்த மாத சர்வர் வாடகை இன்னார் உபயம்" என்று கோயில் டியூப்லைட்டில் எழுதுவதுபோல் எழுதிக்கொள்ளலாம், எனக்கு ஆட்சேபணை இல்லை.

ஈரோடு வாசகி: கம்பெனிகள் சமூகப் பணிக்கு ஒதுக்கும் சிஎஸ்ஆர் நிதி கேட்கலாமா மேடம்?

கேட்கலாம், கிடைக்கத் தாமதமாகும். நிறுவனத்துக்கு வெளியே உள்ள அமைப்பு என்றால் வருமானவரித் துறையில் 12ஏ (அமைப்புக்கு வரிவிலக்கு), 80ஜி (நன்கொடை தருபவருக்கு வரிக்கழிவு) பதிவு, மூன்று வருட அனுபவம், அப்புறம் சிஎஸ்ஆர் பதிவுக்கான சிஎஸ்ஆர்-1 படிவம் எல்லாம் வேண்டும். "வானொலி" என்று மட்டும் எழுதினால் கம்பெனிகளுக்குப் புரியாது. எந்தப் பணிக்கு இந்த நிதியைத் தரலாம் என்று பட்டியலிடும் கம்பெனிகள் சட்டத்தின் ஏழாவது அட்டவணையில் வானொலி என்ற சொல் இல்லை. கல்வி, சுகாதாரம், கிராம மேம்பாடு என்று எதற்குள் பொருந்துகிறதோ அதில் எழுதுங்கள்.

பெரும்பாலான கம்பெனிகள் பொருள் வாங்கித் தரும், போட்டோ எடுக்கும், போய்விடும். கணினியும் ஹார்ட் டிஸ்கும் கேளுங்கள். மாதச் செலவை அதில் கட்டிவிடாதீர்கள். திட்ட நிதியில் பிறந்த தளங்கள் நிதி முடிந்த மறுவருடமே டொமைன் புதுப்பிக்க ஆளில்லாமல் போவதைப் பார்த்திருக்கிறேன். அதோடு அவற்றில் இருந்த ஒலிப்பதிவுகளும் போயின.

சேலம் வாசகர்: வெளிநாட்டில் இதெல்லாம் எப்படி நடத்துகிறார்கள்?

இரண்டு வழி. அமெரிக்காவில் 1996 முதல் நடக்கும் "ரேடியோ4ஆல்" என்ற தளம், யாரும் ஏற்றலாம், யாரும் இறக்கலாம் என்ற வகை. தன்னார்வலர்களும் நன்கொடையும்தான் அதன் பலம். 2003-இல் அங்கேயே வந்த பிஆர்எக்ஸ் என்ற தளம் வேறு மாதிரி: நிலையம் பணம் கட்டி நிகழ்ச்சியை வாங்கும், தயாரித்தவருக்கும் பங்கு போகும். நம் நிலையங்கள் இரண்டாவதற்குத் தாங்காது, முதலாவதற்கு நம் ஊரில் நன்கொடை போதாது. நடுவில் ஒன்று: நிலையத்துக்கு மாதம் 500 ரூபாய் சந்தா. 30 நிலையம் என்றால் 15,000. சர்வர் போக ஒரு பகுதிநேர ஆளுக்குச் சம்பளம் தேறும். கணக்குத் தணிக்கையாளர் செலவுக்கு மட்டும் நன்கொடை கேட்டால் போதும்.

கரூர்: தலைவர் பெயரில் போன்பே வைத்தால்?

ஜிபேக்குச் சொன்னதுதான் போன்பேக்கும்.

புதுச்சேரி வாசகர்: சினிமாப் பாட்டு நிகழ்ச்சிகளையும் பகிர்ந்தால் நிறைய நிலையங்கள் சேருமே? சந்தாவும் கூடும்.

வழக்கும் கூடும். வானொலியில் ஒலிபரப்ப எடுத்த அனுமதி, இணையத்தில் இறக்கிக்கொள்ளக் கொடுப்பதற்குச் செல்லாது. வானொலிக்கான சட்டபூர்வ உரிமம் இணையத் தளங்களுக்கு இல்லை என்று பம்பாய் உயர் நீதிமன்றம் 2019-இல், ஏர்டெல்லின் பாட்டுச் செயலியான விங்க் மீதான வழக்கில் சொல்லிவிட்டது. அவ்வளவு பெரிய கம்பெனிக்கே அந்தக் கதி. பாட்டை எடுத்துவிட்டுப் பேச்சை மட்டும் ஏற்றுங்கள். ஊர்க் கும்மி, தெம்மாங்கு, தாலாட்டு என்றால் பாடியவரிடம் கையெழுத்து வாங்கி ஏற்றுங்கள்.

பழைய தன்னார்வலர், திண்டுக்கல்: பகுதிநேர ஆளுக்குச் சம்பளம் என்று சொல்லிவிட்டீர்கள். எனக்குச் சங்கடமாக இருக்கிறது. இந்த வானொலியே தொண்டில் வந்தது. ஒருவருக்குக் காசு கொடுத்தால் மற்றவர்கள் "நாங்கள் என்ன இளிச்சவாயர்களா" என்று கேட்க மாட்டார்களா?

கேட்பார்கள் அண்ணே, நியாயமான கேள்விதான். என் பக்கத்தைச் சொல்கிறேன். நிகழ்ச்சி தயாரிப்பது ஆசையான வேலை. ஒருவர் பேசுவதைப் பதிவு செய்து, அது ஒலிபரப்பாகும்போது அவர் வீட்டார் கூடி உட்கார்ந்து கேட்பதைப் பார்த்தால் அதற்கு மேல் சம்பளம் எதற்கு? அதற்கு ஆள் எப்போதும் வருவார்கள். அடுத்தவர் ஏற்றிய 60 கோப்புக்குக் குறிப்பு எழுதுவது அப்படியில்லை. முதல் மாதம் மூன்று பேர் வருவார்கள், தீபாவளிக்குப் பிறகு ஒருவர், பொங்கலுக்குப் பிறகு யாரும் இல்லை. எவரும் விரும்பிச் செய்யாத வேலைக்குத்தான் கூலி கேட்கிறேன்.

திண்டுக்கல்: சுழற்சி முறையில் ஆளுக்கு ஒரு வாரம் பார்த்தால்?

பார்த்தோம். முறை யாருடையது என்று கேட்டு போன் செய்வதே ஒருவருக்கு முழுநேர வேலையானது.

நிகழ்ச்சித் தயாரிப்பாளர், விழுப்புரம் மாவட்டம்: குறுக்கே வருகிறேன். எங்கள் நிலையத்தில் பேசும் பெண்கள் பாதிப் பேர் நூறு நாள் வேலையை விட்டுவிட்டு வந்து பேசுகிறார்கள். அவர்களுக்கு பஸ் காசுகூட இல்லை. உங்கள் தளத்தில் குறிப்பு எழுதுபவருக்குச் சம்பளமா?

இதற்கு என்னிடம் சுலபமான பதில் இல்லை. அந்தப் பெண்களுக்குப் பயணப்படி தர வேண்டியது நிலையத்தின் கடமை. விளம்பர வருமானத்தில் முதல் பங்கு அதற்குப் போகட்டும் என்று எல்லா நிலையங்களிடமும் சொல்லிவருகிறேன். அதற்காக இங்கே ஒருவரைச் சும்மா உழைக்கச் சொல்வதா? எங்களுக்குக் குறிப்பு எழுதுபவரும் ஒரு நிலையத்தில் பேசிக்கொண்டிருந்த பெண்தான். பிள்ளை பிறந்த பிறகு நிலையத்துக்குப் போக முடியவில்லை, வீட்டிலிருந்தே செய்கிறார்.

விழுப்புரம்: அதை முதலிலேயே சொல்லியிருக்கலாமே.

திண்டுக்கல்: அப்படியானால் சம்பளம் என்று சொல்லாமல் "மதிப்பூதியம்" என்று எழுதுங்கள். கேட்பவர்களுக்கும் உறுத்தாது.

மாட்டேன் அண்ணே. எங்கள் கணக்குப் புத்தகத்தில் சம்பளம் என்றே இருக்கும். மதிப்பூதியம் என்று எழுதினால் அடுத்த மாதம் "இந்த மாதம் கொஞ்சம் கஷ்டம், பொறுத்துக்கொள்ளம்மா" என்று சொல்லத் தோன்றும். சம்பளம் என்றால் ஐந்தாம் தேதி கொடுத்தாக வேண்டும். நாம் இதைத் தனியாகப் பேசிக்கொள்ளலாம், பாக்கிக் கேள்விகள் காத்திருக்கின்றன.

கோவை வாசகர்: நல்ல மைக் ஒன்று சொல்லுங்களேன்?

பணம் பற்றி மட்டும்.

தஞ்சாவூர் வாசகர்: 80ஜி ரசீது கொடுத்தால் நன்கொடை கூடுமா?

கொஞ்சம் கூடும். ஆனால் புதிய வருமானவரி முறையில் இருப்பவருக்கு அந்த ரசீதைக் காட்டிப் பெறும் வரிக்கழிவு கிடையாது, மாதச் சம்பளக்காரர்கள் பலர் அங்கே போய்விட்டார்கள். ரொக்கமாக 2,000 ரூபாய்க்கு மேல் வாங்கினாலும் கழிவு இல்லை. நிலையங்கள் கட்டும் சந்தா நன்கொடை ஆகாது, அதற்கு 80ஜி ரசீது போடாதீர்கள். இரண்டுக்கும் தனித்தனி ரசீதுப் புத்தகம்.

புதிய நிலையம், தர்மபுரி: சந்தா கட்டிவிட்டால் நாள் முழுக்க உங்கள் தளத்து நிகழ்ச்சிகளையே ஓட்டலாமா? எங்களிடம் ஆள் குறைவு.

முடியாது. குறைந்தது பாதி நிகழ்ச்சி உங்கள் ஊர் மக்கள் பங்கேற்பில் உருவாக வேண்டும் என்பது உரிமத்தின் நிபந்தனை. தினம் ஒரு மணி நேரம் எங்களிடம் எடுத்துக்கொள்ளுங்கள், மற்றதை நீங்கள் செய்யுங்கள். வாரத்துக்கு ஒன்றாவது எங்களுக்கும் அனுப்புங்கள்.

மலைப்பகுதி நிலையம், நீலகிரி: எங்களுக்கு இணையம் வருவதும் போவதுமாக இருக்கிறது. 29 எம்பி கோப்பை இறக்கவே பாதி நாள். சந்தா எதற்குக் கட்ட வேண்டும்?

உங்களுக்குச் சந்தா பாதி. பேச்சு நிகழ்ச்சி என்பதால் 64 கேபிபிஎஸ் மோனோவில் தரலாம், 15 எம்பிக்குள் வந்துவிடும். அதுவும் முடியாவிட்டால் மாதம் ஒரு பென் டிரைவ் கூரியரில் அனுப்புகிறோம். அதே டிரைவில் உங்கள் நிகழ்ச்சிகளைப் போட்டுத் திருப்பி அனுப்புங்கள். கூரியர் செலவில் போகும்போது எங்களுடையது, வரும்போது உங்களுடையது. முகவரியும் எத்தனை ஜிபி டிரைவ் வேண்டும் என்பதையும் எனக்குத் தனியாக எழுதுங்கள், இந்த மாதப் பெட்டியில் சேர்த்துவிடுகிறேன்.