இதய எம்ஆர்ஐ: துடிப்பு தாறுமாறாக இருந்தால் படம் விழுமா?

எம்ஆர்ஐ அறையில் டெக்னீஷியனாக வேலை பார்க்கிறேன். இதய ஸ்கேன் பற்றிக் கேட்டவர்களுக்கு இங்கேயே பதில் எழுதிவிடுகிறேன்.

கேள்வி: இதயம் துடித்துக்கொண்டே இருக்கிறதே, படம் கலங்காதா?

கலங்கும். அதனால்தான் நெஞ்சில் ஈசிஜி வயர்களை ஒட்டி, ஒவ்வொரு துடிப்பிலும் கொஞ்சம் கொஞ்சமாகத் தகவல் எடுத்து, பல துடிப்புகளில் கிடைத்ததை ஒரே துடிப்பாகத் தைக்கிறோம். அதுவரை மூச்சைப் பிடித்திருக்க வேண்டும். ஒரு துடிப்பு மாதிரியே அடுத்ததும் இருந்தால்தான் தையல் பொருந்தும்.

கேள்வி: அப்பாவுக்கு ஏட்ரியல் ஃபிப்ரிலேஷன் (துடிப்பு ஒழுங்கில்லாமல் தாறுமாறாக அடிக்கும் கோளாறு), மூச்சையும் பிடிக்க முடியாது. ஸ்கேன் வீண்தானா?

வீண் இல்லை, தயவுசெய்து விட்டுவிடாதீர்கள். இவரைப் போன்றவர்களுக்குத்தான், இதயம் துடிக்கத் துடிக்க அப்படியே படமெடுக்கும் ரியல் டைம் எம்ஆர்ஐ. ஜெர்மனியில் கோட்டிங்கன் நகரின் மாக்ஸ் பிளாங்க் ஆய்வகத்தில், 1985இலேயே ஃபிளாஷ் என்ற வேக முறையைத் தந்த யென்ஸ் ஃபிராமின் குழு, 2010 வாக்கில் ஒரு படத்தை 20, 30 மில்லி நொடியில் எடுத்துக் காட்டியது. சைக்கிள் சக்கரக் கம்பிகள் மாதிரி மையம் வழியாகப் போகும் சில கோடுகளில் மட்டும் தகவல் எடுப்பார்கள், விட்டுப்போனதை முந்தைய படத்தின் துணையோடு கணினி கணக்கிட்டு நிரப்பும். தைக்கிற வேலையே இல்லை, அப்பா சாதாரணமாக மூச்சு விட்டுக்கொண்டிருக்கலாம். படம் சற்று மங்கலாகத்தான் இருக்கும், ஆனால் மூச்சு தப்பிக் கோடு கோடாக விழுந்த படத்தைவிட எவ்வளவோ மேல். ஸ்கேனுக்கு நாள் குறிக்கும்போதே இந்த இரண்டு சிக்கலையும் சொல்லி, அந்த வசதி இருக்கிறதா என்று கேளுங்கள்.

கேள்வி: மூச்சு பிடிக்க முடிகிறவர்களுக்கு இதனால் என்ன லாபம்?

இதயத்தைச் சுற்றியுள்ள உறை தடித்து இறுகிப்போனதாகச் சந்தேகம் வந்தால், ஆழமாக மூச்சு இழுக்கச் சொல்லிவிட்டுத் திரையைப் பார்ப்போம். இழுத்த அந்த ஒன்றிரண்டு துடிப்பில், கீழறைகளுக்கு நடுவே உள்ள சுவர் இடப்பக்கமாகச் சப்பையாகத் தள்ளும், மூச்சை விட்டதும் திரும்பிவிடும். மூச்சை நிறுத்திவைத்து எடுத்தால் இது கண்ணில் படாது.

கேள்வி: எக்கோ போதாதா?

முதலில் எக்கோ, அதாவது ஒலி அலையால் இதயத்தைப் பார்க்கும் ஸ்கேன்தான். ஆனால் இதயத் தசையில் தழும்பு இருக்கிறதா என்று பார்க்க, கடோலினியம் மருந்து ஏற்றி எடுக்கும் எம்ஆர்ஐ வேண்டும். சிறுநீரகக் கோளாறு இருந்தால் முன்கூட்டியே சொல்லுங்கள்.

கேள்வி: கதிர்வீச்சு? பேஸ்மேக்கர்?

கதிர்வீச்சு கிடையாது. பேஸ்மேக்கர் இருந்தால் அதோடு தந்த அட்டையைக் கொண்டுவாருங்கள். எம்ஆர்ஐக்கு ஒத்துவரும் ரகம் என்றால், அதை ஸ்கேனுக்கு ஏற்ற நிலைக்கு மாற்றிவிட்டு எடுத்து, முடிந்ததும் பழையபடி வைத்துத்தான் அனுப்புவோம்.